ஆற்றில் போன மணலும் கடலில் நின்ற மணலும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே இன்று பிள்ளைகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே கருங்கற்கள்தான் கிடந்தன. அலை வந்து கல்லில் அடிக்கும், சாலையோரம் நிற்பவர் சட்டை நனையும். கடற்கரை என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போன மணலைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். அதே புதுச்சேரியின் தென்கோடியில், பாகூர் வட்டத்தை ஒட்டி ஓடும் தென்பெண்ணையில் போன மணல் போனதுதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம். இரண்டும் ஒரே காலத்தில், ஏறக்குறைய கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்த இழப்புகள். ஒன்று சரியாகிறது, மற்றது ஏன் சரியாகவில்லை என்று கேட்டால், "பாண்டிக்கு டூரிஸ்ட் வருகிறான், பாகூருக்கு யார் வருகிறார்கள்?" என்று பதில் வரும். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். கடலோரத்தில் மணல் எவ்வளவு வருகிறது என்று யாரோ உட்கார்ந்து அளந்தார்கள். ஆற்றில் எவ்வளவு போகிறது என்பதை மட்டும் எண்ணுகிறோம், அதுவும் லாரிக் கணக்கில். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கடல்.

சோழமண்டலக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், அலை தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதுகிறது. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே தள்ளிவிட்டுப் போகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கணக்குக்கு 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானக்காரர்கள் பேசும் யூனிட்டில் சொன்னால், யூனிட்டுக்கு 100 கன அடி, ஏறத்தாழ 1,41,000 யூனிட். மூன்று யூனிட் ஏற்றும் டிப்பரில் நாளொன்றுக்கு 129 லோடு, ஞாயிற்றுக்கிழமை உட்பட. இத்தனையும் டீசல் இல்லாமல், டிரைவர் இல்லாமல், புதுச்சேரி வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

1980-களில் நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் துறைமுகம் கட்டினார்கள். முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் அலைத்தடுப்புச் சுவர் நீட்டினார்கள். 1989-இல் வேலை முடிந்தது. அதோடு வடக்கே போகிற மணலுக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே, நகருக்கு முன்னால், வருகிற மணல் நின்றுபோக, போகிற மணல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் காந்தி சிலைக்கு முன்னால் இருந்த கடற்கரை இல்லை.

இப்படி ஆகும் என்று துறைமுகத்தை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை இயந்திரத்தால் உறிஞ்சி வடக்கே கொட்டும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. சுவரைக் கட்டுவது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மணலை உறிஞ்சிக் கொட்டுவது வருடா வருடம் செய்ய வேண்டிய வேலை; அதற்கு விழா கிடையாது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரிப்புக்கு நகரம் முதலில் கண்ட மருந்து கல். கடற்கரைச் சாலையோரம் கல்லைக் கொட்டினார்கள். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அரிப்பு வடக்கே நகர, கல்லும் பின்னாலேயே போனது. பிறகு எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். மீனவர்கள் சாலை மறியல் செய்து, கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டும் தூண்டில் வளைவு கேட்டார்கள். ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் அதற்கு வடக்கே அடுத்த ஊரில் வீடு விழும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொட்டிய கல் அத்தனையும் எங்கோ உள்நாட்டில் குவாரியில் வெடி வைத்து எடுத்தது. மணலைப் போல அதுவும் சட்டத்தின் கணக்கில் சிறு கனிமம்தான். கடலில் ஒரு கனிமம் நின்றுபோனதற்கு நிலத்தில் இன்னொரு கனிமத்தைத் தோண்டினோம்.

பாண்டிகேன் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் இதைப் பேசி, எழுதி, படம் எடுத்து, வழக்காடி, கல் கொட்டுவது வைத்தியம் ஆகாது என்று சொல்லி வந்தார்கள். கடைசியில் சென்னையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வந்தது. அலையை அளந்தார்கள், நீரோட்டத்தை அளந்தார்கள், கடலடி மட்டத்தை அளந்தார்கள். 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஆப்பு வடிவத்தில் இரும்பில் செய்த ஒரு பெரிய திட்டைக் கடலுக்குள் இறக்கினார்கள். அது நீருக்குள் முழுகிக் கிடக்கும். அலையின் வேகத்தை உடைக்கும். பின்னால் மணல் தங்கும். துறைமுக வாயில் தூர் வாரியபோது கிடைத்த மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். அடுத்த ஆண்டே கரை தெரிய ஆரம்பித்தது.

பழுது இல்லாத வெற்றி என்று சொல்ல மாட்டேன். வடக்கே அரிப்பு நிற்கவில்லை. துறைமுக முகத்துவாரம் இன்னமும் தூர்ந்து போகிறது. தேங்காய்த்திட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மணல் திட்டில் தட்டுகின்றன. 1962-இல் கட்டிய பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. ஆனாலும், மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் அங்கே விடை இருக்கிறது. அந்த விடையை வைத்துத்தான் வேலை நடந்தது.

இனி ஆறு.

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக வந்து கடலூருக்கு வடக்கே தாழங்குடாவில் கடலில் சேர்கிறது. கடைசிக் கட்டத்தில் அதன் வடகரையின் சில பகுதிகள் புதுச்சேரி, தென்கரை தமிழ்நாடு. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்கள். பாகூர் பழைய ஊர். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று அங்கே இருந்த கல்விச்சாலைக்கு நிலம் விட்டதைச் சொல்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாடப்புத்தகத்தில் படிப்போம். அந்த நெல்லுக்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்குப் பின்னால் ஆறு, ஆற்றுக்குள் மணல்.

மணல் ஆற்றில் என்ன செய்கிறது என்பதைப் பாகூர் விவசாயி யாரும் வகுப்பில் உட்கார்ந்து கற்கவில்லை. வெள்ளம் நான்கு நாளில் வடிந்துவிடும். மணலுக்குள் இறங்கிய தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். சித்திரை வெயிலில் ஆற்றில் கையால் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் சுரந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரையோரக் கிணறும் போர்வெல்லும் அந்த ஈரத்தைத்தான் குடிக்கின்றன. மணல் போய்விட்டால் ஆற்றின் மட்டம் இறங்கும். ஆற்றின் மட்டம் இறங்கினால் நிலத்தடி நீரும் அதோடு சேர்ந்து இறங்கும். கடல் பக்கத்தில் இருக்கிற ஊர் என்றால் காலியான இடத்துக்கு உப்புத் தண்ணீர் உள்ளே வரும். மணல் வழித்த இடத்தில் அடியில் இருந்த களி தெரியும். களியில் கோரையும் சீமைக்கருவேலமும் முளைத்துக்கொள்ளும். அடுத்த வெள்ளம் அந்தப் புதரில் முட்டிக் கரையைத் தின்னும்.

கடலில் சுவர் கட்டினோம், மணல் நின்றது. ஆற்றில் அணை கட்டினோம், மணல் நின்றது. இந்த இடத்தில் இரண்டு கதையும் ஒன்றுதான். தென்பெண்ணையில் சாத்தனூர் அணை 1958-இல் வந்தது. அதற்கு மேலே கிருஷ்ணகிரி அணையும் அதே காலத்தது. புதுச்சேரிக்கு வரும் இன்னொரு ஆறான சங்கராபரணியில் வீடூர் அணை 1959. மலையிலிருந்து உருண்டு வரும் மணலில் கணிசமான பங்கு அணைக்குள் அடங்கிப் போகிறது. பாசனத்துக்கு அணை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 1958-க்குப் பிறகு கீழே வரும் மணல் பழைய அளவில் வராது என்பது தெரிந்த விஷயம். வரவு குறைந்த அதே ஆண்டுகளில்தான் செலவு ஏறியது. நகரம் விரிந்தது, கான்கிரீட் வந்தது, ஒரு யூனிட் மணலுக்குக் கேட்ட விலை கொடுக்க ஆள் இருந்தது. கடற்கரைக்கு வந்தது ஒரு அடி, ஆற்றுக்கு இரண்டு.

கடல் மணலை ஏன் யாரும் அள்ளிப் போகவில்லை? சட்டம் ஒரு காரணம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் தடுக்கின்றன. அதைவிடப் பெரிய காரணம் கொத்தனார். அவர் ஒரு கைப்பிடி மணலை எடுத்து உள்ளங்கையில் வைத்து இரண்டு கையாலும் தேய்ப்பார். கையில் வண்டல் ஒட்டினால் உதட்டைப் பிதுக்குவார். சந்தேகம் தீரவில்லை என்றால் கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், பாதி தண்ணீர் விட்டுக் குலுக்கி நிறுத்துவார். மணல் அடியில் உட்கார, அதன் மேல் வண்டல் எத்தனை விரற்கடை படிகிறது என்று பார்த்து லோடை ஏற்பார் அல்லது திருப்பி அனுப்புவார். கடல் மணலில் உப்பு இருக்கிறது, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மணிகள் ஒரே அளவாக இருப்பதால் கலவை சரியாகக் கட்டாது. ஆற்று மணலில் பெரியது, நடுத்தரம், பொடி எல்லாம் கலந்திருக்கும். ஒன்றின் இடுக்கில் ஒன்று அமரும். ஆற்றின் தலையெழுத்து அந்த உள்ளங்கையில் தீர்மானமாயிற்று. பாலைவனத்தில் மணல் குவிந்து கிடக்கும் வளைகுடா நாடுகள் கட்டுமானத்துக்கு வெளியிலிருந்து மணல் வாங்குவதும் இதனால்தான். உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கப்படுவதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் சொன்னது.

சட்டத்தில் ஆற்று மணலுக்குச் சிறு கனிமம் என்று பெயர். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் கட்டடக்கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, 15-ஆம் பிரிவின் கீழ் விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டது. இரும்புத் தாதுக்கும் நிலக்கரிக்கும் டெல்லி கவலைப்படும். மணலுக்குத் தாசில்தார் போதும் என்பது அன்றைய நினைப்பு. தமிழ்நாடு 2003-இல் மணல் குவாரிகளைத் தனியாரிடமிருந்து எடுத்து அரசே நடத்தும் என்று விதியில் 38-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பொதுப்பணித் துறை குவாரி நடத்த, ஏற்றி இறக்குவது ஒப்பந்தக்காரர்கள் கையில் இருந்தது. வெளி மாநிலத்துக்கு ஆற்று மணல் போகக் கூடாது என்ற தடையும் உண்டு. புதுச்சேரிக்காரருக்கு இந்தத் தடையின் அர்த்தம் வேறு. நகரத்திலிருந்து சொந்தப் பிரதேசமான நெட்டப்பாக்கத்துக்குப் போவதற்குள் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டிய ஊர் இது. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டை போட்டுப் பிரித்துக்கொண்ட துண்டுகள் 1954-இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் துண்டுகளாகவே இருக்கின்றன. ஒரு பக்கக் கரையில் எடுத்தால் ஒரு விதி, மறு பக்கம் எடுத்தால் மறு விதி. ராத்திரி இரண்டு மணிக்கு ஆற்றுக்குள் இறங்கும் வண்டிக்கு எந்த விதியும் கிடையாது.

வண்டி என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். செய்தித்தாளில் வாரம் தவறாமல் "மணல் கடத்திய மாட்டு வண்டி பறிமுதல்" என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். பாகூர், வில்லியனூர், திருக்கனூர் என்று ஊர் மாறும், செய்தி மாறாது. மாட்டு வண்டிக்காரர் மண்வெட்டியும் கூடையும் வைத்துத் தானே அள்ளி, பக்கப்பலகை போட்ட வண்டியில் தானே நிரப்பி, ஊருக்குள் இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய் இறக்குகிறவர். மாடு இழுக்கும் அளவுக்கு மேல் அவரால் திருட முடியாது. ஒரு பொக்லைன் இரண்டு மூன்று அள்ளலில் நிரப்புவதை அள்ள அவருக்கு ஒரு முழு இரவு ஆகும். அவரும் சட்டத்தை மீறுகிறவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆற்றின் மட்டத்தை ஆள் உயரத்துக்கு இறக்கியது மாட்டு வண்டி அல்ல. பிடிப்பதற்கு வசதியானவரைப் பிடித்து எண்ணிக்கை காட்டுவதும், கண்ணில் படும் இடத்தில் கல் கொட்டுவதும் ஒரே மாதிரி நிர்வாகம்.

உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ஹரியானாவைச் சேர்ந்த தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு கனிமக் குத்தகையானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும் என்றது. மத்திய அரசு 2016-இல் மணல் வழிகாட்டு நெறிகளையும், 2020-இல் அவற்றை அமலாக்கிக் கண்காணிக்கும் நெறிகளையும் கொண்டுவந்தது. மூன்று மீட்டர் அல்லது நீர்மட்டம், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் தோண்டக் கூடாது; கரையை ஒட்டித் தொடக் கூடாது; பாலத்துக்கு அருகே கூடாது; இரவில் கூடாது. தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. செலவுக் கணக்காவது நேராக இருக்கிறதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அமலாக்கத் துறை 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் சோதனை நடத்திய பிறகு, கான்பூர் ஐ.ஐ.டி.யைக் கொண்டு 28 குவாரிகளை ஆராய்ந்து, அரசுக்குக் காட்டிய வருவாய் 36.45 கோடி ரூபாய், உண்மையில் எடுத்த மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய் என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஒப்பந்தக்காரர்கள் மீதான நடவடிக்கையை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே அந்தத் தொகை ஒரு தரப்பின் கூற்றாகவே நிற்கிறது. ஆனால் இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தொகை அல்ல. பள்ளத்தை அளந்து பார்க்க முடியும் என்பது. தோண்டிய குழியின் ஆழத்தை அளந்துவிட்டால் லாரியின் நடைச்சீட்டு என்ன சொன்னாலும் குழி பொய் சொல்லாது.

ஆறு தாழ்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தென்பெண்ணை கண்ணுக்கு எதிரே காட்டியது. விழுப்புரம் மாவட்டம் தளவானூருக்கும் கடலூர் மாவட்டம் ஏனாதிரிமங்கலத்துக்கும் நடுவே 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2020-இல் தடுப்பணை கட்டி முடித்தார்கள். 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் இன்னும் மோசமானது. எல்லீஸ் சத்திரத்தில் 1950-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய பழைய அணைக்கட்டும் அந்த வெள்ளத்தில் உடைந்தது. புதுசும் போயிற்று, பழசும் போயிற்று. மணல் எடுத்ததால்தான் என்று விவசாயிகள் சொன்னார்கள். கட்டுமானத் தரம் என்றனர் சிலர். வெள்ளத்தின் அளவு என்றனர் அதிகாரிகள். எதுவாக இருந்தாலும் ஒரு விஷயம் எளிது: அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றின் மட்டம் இறங்கினால் மேலிருந்து விழும் தண்ணீருக்கு உயரம் கூடுகிறது, அது அடித்தளத்தின் கீழே குடைகிறது. ஏனாதிரிமங்கலத்தில் மணல் குவாரி திறந்தபோது சுற்று ஊர்க்காரர்கள் ஆற்றில் இறங்கிப் போராடியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

பிறகு ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நகரத்தில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை இரு கரையும் புரண்டது. வெள்ளம் வடிந்தபோது நெல் இருந்த வயல்களில் மணல் இருந்தது. ஆற்றில் இல்லை என்று அழுத மணல் வயலில் வந்து உட்கார்ந்துகொண்டு, இப்போது அதை எடுக்கவும் வழியில்லாமல் விவசாயி நிற்கிறார். வெள்ளத்தில் வயலில் படிந்த மணலை விவசாயி அகற்றுவதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று 2016 ஜனவரி அறிவிக்கையில் விலக்கு இருக்கிறது. ஆனால் அகற்றிய மணலை எங்கே கொண்டு போவது, லாரியில் ஏற்றினால் அது வயல் மணலா ஆற்று மணலா என்று செக்போஸ்டில் எப்படிக் காட்டுவது என்பது வேறு கதை. அந்த வெள்ளம் ஆற்றில் எவ்வளவு புது மணலை விட்டுப் போனது என்பதுதான் எனக்கு அதைவிட அவசரமான கேள்வி. சில பள்ளங்கள் நிரம்பியிருக்கும். சில இடங்களில் கரையை அறுத்துப் புதுப் பள்ளம் போட்டிருக்கும். வெள்ளத்துக்கு முன் அளந்த மட்டம் கையில் இருந்தால், பின் அளந்த மட்டத்தை அதன் மேல் வைத்துக் கழித்தால் போதும்.

கடலில் இதைத்தான் செய்தார்கள். மழைக்கு முன் கரை எங்கே இருந்தது, மழைக்குப் பின் எங்கே இருக்கிறது. கடலடி எவ்வளவு ஆழம். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கோடு. நெதர்லாந்துக்காரர்கள் இந்தக் கலையில் கைதேர்ந்தவர்கள். 2011-இல் தங்கள் கரையில் ஓர் இடத்தில் 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் குவித்துவிட்டு, அலை அதை எப்படி எடுத்துப் பரப்புகிறது என்று ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். நம் ஆற்றுக்கும் அதே யோசனை 2020 நெறிகளில் இருக்கிறது: மணல் மறுபடி சேரும் அளவை மழைக்கு முன்னும் பின்னும் ஆய்ந்து, சேர்வதற்கு மேல் எடுக்காதே. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜம்மு காஷ்மீர் வழக்கு ஒன்றில் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது: மறுசேர்க்கை ஆய்வு இல்லாத மாவட்ட அறிக்கையை வைத்து மணல் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கக் கூடாது. பாகூர் விவசாயியின் ஊற்று சொன்ன விஷயம் தீர்ப்பாக வர இத்தனை காலம்.

எம்-சாண்ட் வந்துவிட்டதே, இனி ஆற்றைத் தொட வேண்டியதில்லையே என்று சிலர் சொல்கிறார்கள். புதுச்சேரியில் இன்று எழும் கட்டடங்களில் பெரும்பாலும் அதுதான். கல்லை உடைத்துச் செய்யும் மணலை இந்தியத் தர நிர்ணயம் 2016-இல் முறையாக ஏற்றுக்கொண்டது. பழைய கொத்தனார்கள் முகம் சுளித்தாலும் வேலை நடக்கிறது. பூச்சுக்குத் தனியாகப் பி-சாண்ட் வருகிறது. ஆற்றின் மேலிருந்த கனம் கொஞ்சம் குறைந்திருப்பது உண்மை. அந்தக் கல் வானூர், திருவக்கரைப் பக்கம் கிரஷர்களில் உடைபடுகிறது. அங்கே தூசியையும் வெடியையும் அந்த ஊர்க்காரர்கள் தாங்குகிறார்கள். கடலோரம் கொட்டிய கல்லைப் போலவே இதிலும் சுமை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறியிருக்கிறது. திருவக்கரை கோடிக்கணக்கான ஆண்டு பழைய கல்மரங்கள் கிடக்கும் இடம், அதை ஒட்டியே சங்கராபரணி ஓடுகிறது என்பதை நினைத்தால் மாற்றுவழி என்ற சொல்லைக் கொஞ்சம் தயங்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு மணலும் தனித்தனி என்று இதுவரை பேசினேன். உண்மையில் அப்படி இல்லை. தாழங்குடாவிலிருந்து புதுச்சேரி துறைமுகம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் கொண்டுபோய்க் கொட்டும் மணலைத்தான் அலை வடக்கே தள்ளிக்கொண்டு வருகிறது. ஏனாதிரிமங்கலத்தில் ஒரு டிப்பர் குறைந்தால் அது என்றைக்காவது ஒரு நாள் புதுச்சேரி வாசலில் குறையும். கடற்கரையை மீட்டவர்கள் அலையை அளந்தார்கள். அலைக்கு மணல் கொடுக்கிற ஆற்றை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், இரும்புத் திட்டுக்குப் பின்னால் தங்குவதற்கு வருங்காலத்தில் மணல் எங்கிருந்து வரும்?

அளப்பதில் உள்ள சிக்கல் கருவியில் இல்லை. இன்று ட்ரோன் ஒரு நாளில் சொர்ணாவூரிலிருந்து தாழங்குடா வரை பறந்து மட்டம் எடுத்துவிடும். சிக்கல் எல்லையில். கடலோரத்தில் புதுச்சேரி தன் கரையை மட்டும் சரிசெய்தது. அரிப்பு எல்லை தாண்டித் தமிழ்நாட்டு மீனவர் வீட்டுக்குப் போனது. இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்திருந்தால் தூண்டில் வளைவுகளை இப்படி ஊருக்கு ஊர் கேட்டு வாங்க வேண்டியிருந்திருக்காது. ஆற்றில் அந்தத் தவற்றுக்கு இடமே இல்லை. தென்பெண்ணையில் புதுச்சேரி தன் பாதியை மட்டும் அளந்து, தன் பாதியில் மட்டும் குவாரியை மூடினால், முதல் வெள்ளத்திலேயே இந்தக் கரை மணல் அந்தக் கரைப் பள்ளத்தில் போய் நிரம்பிக்கொள்ளும்.